எதிர்வீட்டு ஜன்னலில் நம் கூரை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் படி ஏறும்போது தனியாக ஒரு அபிப்பிராயம் சொல்கிறது. நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு நடக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே பேனாவை எடுத்தேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நான் பாதி சொல்வதற்குள் சரிம்மா, பரவாயில்லைம்மா என்று நீ மீதியைச் சொல்லி முடித்துவிடுவாய். இதை நீ முதலிலிருந்து கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும், அதற்குக் கடிதம்தான் சரி. கூரையைப் பற்றிய விஷயம். பயப்படாதே, ஒழுகவில்லை.

நீ போன லீவில் வந்து நின்று போட்டுக் கொடுத்த கூரை அது. பழைய ஓட்டுக்குக் கீழே ஏழு பாத்திரம் வைத்து நாங்கள் மழைக்காலத்தை ஓட்டியதைப் பார்த்துவிட்டு நீதான் பிடிவாதம் பிடித்தாய். கடைக்காரர் பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறம் பூசிய தகடுகளை இழுத்துக் காட்டினார், நீ எதையும் தொடாமல் மூலையில் சாய்த்து வைத்திருந்த வெள்ளித் தகட்டின் முன்னால் போய் நின்றாய், அதில் உன் முகம் நீளமாகத் தெரிந்தது, இதுதாம்மா என்றாய். நீ ஊருக்குக் கிளம்பிய பிறகு முதல் மழை வந்தபோது நான் சமையல் வேலையை நிறுத்திவிட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்து கேட்டேன். ஏழு பாத்திரத்தின் ஏழு சத்தம் போய் ஒரே சத்தம். மழை நின்று வெயில் வந்ததும் வீட்டைச் சுற்றி எல்லாம் கொஞ்சம் வெளுத்து, சுவரெல்லாம் தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பதுபோல் அசைந்தது. ஒரு காகம் வந்து உட்கார்ந்து, தன்னையே கீழே பார்த்து, மரியாதையாக இரண்டடி தள்ளி உட்கார்ந்தது. இரண்டு மாதம் கழித்து நீ போனில் சொன்னாய், வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நிற்கும்போது போனில் இருக்கிற வரைபடத்தில் நம் ஊரைத் திறந்து பார்ப்பாயாம், செயற்கைக்கோள் மேலிருந்து எடுத்த புதுப் படத்தைப் போட்டுவிட்டார்களாம், எல்லா வீடும் பழுப்பாக இருக்க நம் வீடு மட்டும் அரிசி மணி மாதிரி மின்னுகிறதாம், தேடவே வேண்டாம் அம்மா, அதுவா கண்ணுல படுது என்றாய். போனை வைத்த பிறகு நான் வாசலுக்குப் போய் மேலே பார்த்தேன். வானத்தில் ஒன்றும் இல்லை. ஆனாலும் முந்தானையைச் சரி செய்துகொண்டேன்.

இப்போது எதிர்வீட்டுக்கு வருகிறேன். பல்லுக்காரரை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆறு வயதில் விழுந்த பால்பல்லைக் கையில் பொத்திக்கொண்டு போய் ஒட்டித் தரச் சொன்னவள் நீ, அவரும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு நல்ல வேலைப்பாடு எனக்கு வராதும்மா, நீயே வெச்சுக்கோ என்று திருப்பித் தந்தார். இன்னும் அதே மாடி அறையில்தான் அவருக்கு வேலை. பல் மருத்துவமனையிலிருந்து அச்சு வரும், அதைப் பார்த்துப் பல்லைச் செய்து, சின்ன அடுப்பில் சுட்டு, ஆற வைப்பார், அது ஆறி முடிக்க மத்தியானம் இரண்டரை ஆகிவிடும். அதன் பிறகு மேற்கு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, இடுக்கியில் பல்லைப் பிடித்து வானத்துக்கு எதிரே தூக்கி, மாதிரிப் பற்கள் கோத்த விசிறியோடு ஒட்டிப் பிடித்து நிறம் சரியா என்று பார்ப்பார். ஐந்து மணிக்கு மருத்துவமனை வண்டி வந்து வாங்கிப் போகும். இருபது வருடமாக மூன்று மணிக்கு நம் வாசலில் நின்றால் அந்த ஜன்னலில் அவர் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நிற்பது தெரியும், தெருவுக்குப் புதிதாக வருகிறவர்கள் அவர் வானத்திடம் எதையோ கேட்கிறார் என்று நினைப்பார்கள். நான் கடிகாரம் பார்ப்பதையே விட்டிருந்தேன். அவர் கை தூக்கினால் பால் காய்ச்ச வேண்டிய நேரம்.

கூரை போட்டு மூன்று வாரத்தில் அந்த ஜன்னல் மூடிக்கொண்டது. முதல் நாள் காய்ச்சல் போலிருக்கிறது என்றேன். நாலாம் நாள் உள்ளே கறுப்புத் துணி கட்டியிருப்பது தெரிந்தது. நம் மேல்தான் கோபம் என்று எனக்குப் பட்டுவிட்டது, என்ன செய்தோம் என்று யோசித்து யோசித்து, கூரை வேலைக்கு வாங்கிய அவர்கள் ஏணி நம் கொல்லையிலேயே சாய்ந்திருப்பது கண்ணில் பட்டது. அப்பா அதைத் துடைத்து, தோளில் போட்டு, தெருவைக் கடந்து கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். எதுக்கு அண்ணா அவசரம் என்று பல்லுக்காரர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாராம். ஜன்னல் திறக்கவில்லை. நான் அவர் மனைவிக்குப் புதினாக் கட்டு கொடுத்துப் பார்த்தேன். அதுவும் திறக்கவில்லை.

இப்படியே இரண்டு மாதத்துக்கு மேல் போய், கடைசியில் காய்கறி வண்டி முன்னால்தான் விஷயம் வெளியே வந்தது. அவர் மனைவி கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் நேராகவே கேட்டேன், எங்க மேல ஏதாவது வருத்தமா, மனசுல வெச்சுக்காம சொல்லு என்று. அவள் கத்தரிக்காயைக் கூடையில் போட்டுவிட்டு, உங்க மேல ஒண்ணுமில்லக்கா, உங்க கூரைதான் தினமும் எங்க வீட்டுக்குள்ள வந்துட்டுப் போகுது என்றாள். மத்தியானம் இரண்டரைக்கு மேல் அந்த அறையில் நிற்க முடியவில்லையாம். ஜன்னலுக்கு மேலே அகலமாக மழைத்தடுப்பு இருக்கிறது, வானத்திலிருந்து வரும் வெயிலை அது நிறுத்திவிடும், ஆனால் இது கீழேயிருந்து ஏறி வருகிற வெளிச்சம், அதற்கு ஒரு தடுப்பும் இல்லை. முதலில் உத்தரத்தில் படுமாம், அப்புறம் பின்சுவரில் இறங்குமாம், மூன்று மணிக்கு அவர் கண்ணுக்கு நேரே வந்து நிற்குமாம். அதைப் பார்த்த கண்ணால் பல்லைப் பார்த்தால் எல்லாப் பல்லும் ஒரே மாதிரி இருக்கிறதாம். ஜன்னலை மூடிவிட்டுக் குழல்விளக்கில் பார்த்தால் நிறம் வேறு மாதிரி ஏமாற்றுகிறதாம். இரண்டு பல் திரும்பி வந்துவிட்டது. அதில் ஒன்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியருடைய முன்பல், வாயைத் திறந்து சிரிச்சா அந்த ஒரு பல்லு மட்டும் தனியா சிரிக்குதாம்க்கா என்று சொல்லி அவளே சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, இன்னொண்ணு திரும்பி வந்தா எல்லாத்தையும் பல்லு செய்யிற பெரிய கூடத்துக்கே அனுப்பிடுறேன்னு டாக்டர் சொல்லிட்டார்க்கா, இந்த வேலையை விட்டா இவருக்கு வேற என்ன தெரியும் என்றாள். ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். உங்க பொண்ணு அவ்வளவு ஆசையா வந்து போட்டுக் கொடுத்தது, வெயில்ல தலையில துண்டைக் கட்டிக்கிட்டு ஏணியில நின்னதைப் பாத்தோமே, அதைப் போய்க் குறை சொல்லுவாங்களா, வாயைத் திறக்கக் கூடாதுன்னு என்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கார் என்றாள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டார். உனக்குத் தெரியும், முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர், அவருக்கு உலகத்தில் மன்னிக்க முடியாத குற்றம் ஒன்றே ஒன்று. எதிரே வருகிற வண்டி வெளிச்சத்தை இறக்காமல் வருவது. எத்தனை பேரை எத்தனை வார்த்தை திட்டியிருப்பேன், இப்ப நானே என் வீட்டு மேல விளக்கை ஏத்தி வெச்சுக்கிட்டு ஒரு மனுஷன் கண்ணுல அடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேனே என்றார். இன்னைக்கே இறக்கணும் என்றார். நான்தான் ஒரு வாரம் பொறு என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை, அவருக்கும் அரிசி மணி தெரியும். உன்னைக் கேட்டுவிட்டுச் செய்யலாமா என்று இரண்டு முறை போனைக் கையில் எடுத்தேன். கேட்டிருந்தால் அடுத்த மூச்சில் பெயின்ட் அடிச்சிடுங்கம்மா என்று சொல்லியிருப்பாய், அப்படிச் சொல்லும்போது உன் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அந்தக் குரலைக் கேட்க வேண்டாம் என்றுதான் வைத்துவிட்டேன்.

அந்த ஒரு வாரமும் நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நேரம் குறித்தேன், பழக்கம் போகுமா. இரண்டு முப்பத்தைந்துக்கு அவர்கள் ஜன்னலின் மேல் விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு. மூன்றுக்குக் கறுப்புத் துணி முழுக்கப் பற்றி எரிவது போல. நாலே காலுக்கு நமக்குப் பின்னால் இருக்கிற கிடங்கு எழுந்து வெயிலை வாங்கிக்கொள்ளும், தெரு பழையபடி ஆகிவிடும். நான் வேலை பார்த்த வானிலை நிலையத்து மொட்டைமாடியில் இருந்த கண்ணாடி உருண்டை உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நீ அதைப் பெரிய கோலிக்குண்டு என்பாய், அதன் வழியாக வெயில் நாள் முழுக்க ஓர் அட்டையில் சுட்டுச் சுட்டுக் கோடு போடும், சாயங்காலம் அந்தக் கருகிய கோட்டை நான் அளந்து இன்று இத்தனை மணி நேரம் வெயில் என்று எழுதுவேன். மேகம் வந்த இடத்தில் கோடு விட்டுப் போயிருக்கும். முப்பது வருடம் அப்படி எழுதியிருக்கிறேன். வெயில் எத்தனை நேரம் வந்தது என்று எழுதினேனே தவிர, வந்த வெயில் எங்கே போகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் தோன்றியது. அது இங்கே தொட்டுவிட்டுத் தெருவைத் தாண்டி, படி ஏறாமல், கதவைத் தட்டாமல், நான் இருபது வருடத்தில் ஒரு தடவைகூட ஏறிப் பார்க்காத மாடிக்குள் போய்விட்டு வருகிறது. எனக்கு அது நம் வீட்டுக் குழந்தை மாதிரி இருந்தது, சொல்லாமல் எதிர்வீட்டுக்கு ஓடிப்போகிற குழந்தை. நீ ஓடிப்போவாயே, அப்படி.

பெயின்டர் வந்து பார்த்தார். வலை கட்டினா காத்துக்குப் படபடன்னு அடிச்சுக்கிட்டே இருக்கும், கொடி ஏத்தினா ரெண்டு வருஷம் ஆகும், அதுக்குள்ள அந்தாளு கண்ணு போயிடும், பளபளப்பு இல்லாத மேட் பெயின்ட்தான் வழி என்றார். புதுத் தகடு எண்ணெய் தேய்ச்ச தலை மாதிரி, அப்படியே அடிச்சா உரிஞ்சு வந்துடும், நல்லா சோப்புப் போட்டுக் கழுவி, லேசா உப்புத்தாள் தேய்ச்சு, ப்ரைமர் போட்டு, அப்புறம்தான் நிறம் என்றார். அப்போதுதான் அப்பாவுக்கு அந்த யோசனை வந்தது. நம் கூரைக்கு இரண்டு சரிவு, ஒன்று தெருப் பக்கம் கிழக்கே இறங்குகிறது, இன்னொன்று கொல்லைப் பக்கம் மேற்கே. தொந்தரவு கொடுப்பது ஒரு சரிவுதானே, அதை மட்டும் அடிப்போம், இன்னொண்ணு அவளுக்கு மின்னட்டும், முழு அரிசி இல்லாட்டி அரை அரிசி என்றார். எனக்கு உடனே வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. எந்தச் சரிவு என்று பெயின்டர் கேட்டார். மத்தியான வெயில் மேற்கேயிருந்துதானே வருது, வெயில் எந்தப் பக்கம் விழுதோ அந்தப் பக்கம்தான் மின்னும், மேற்குச் சரிவை அடிங்க என்றார் அப்பா, முப்பத்தொரு வருடம் சாயங்கால வெயிலை எதிரே வாங்கியவன் சொல்கிறேன் என்ற மாதிரி. நானும் தலையாட்டினேன். கொல்லையில் நின்று பார்த்தால் அந்தச் சரிவு கண்ணைக் கூசத்தான் செய்தது. எதிர்வீட்டு மாடியில் ஏறி ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வந்திருந்தால் போதும். ஆனால் நாமே தொந்தரவு கொடுத்துவிட்டு, நாமே போய் அவர் அறையில் நின்று எங்கே காட்டுங்கள் என்று கேட்பதா என்று இரண்டு பேருக்கும் கூச்சம். அடித்து முடித்துவிட்டுத் தெரியாத மாதிரி இருந்துவிட வேண்டும், ஜன்னல் தானாகத் திறக்கும், அதுதான் மரியாதை என்று முடிவு செய்துகொண்டோம்.

இரண்டு நாள் வேலை. சாம்பல் நிறத்தில் மேற்குச் சரிவு முழுக்க அடித்தார்கள், கிட்டப் போய்ப் பார்த்தால் கரும்பலகை மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் நான் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன், அப்பா பக்கத்தில் நின்றார். இரண்டு முப்பத்தைந்து. ஜன்னலின் மேல் விளிம்பில் வெள்ளைக் கோடு வந்தது, ஒரு நிமிடம்கூடத் தவறாமல். அப்பா கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். மூன்று மணிக்குக் கறுப்புத் துணி பழையபடி பற்றிக்கொண்டது. அப்பா உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார், நானும் கால் கழுவிக்கொண்டேன், இரண்டு பேரும் தெருவைக் கடந்தோம்.

அந்த மாடி அறையை நீ பார்த்திருக்கிறாய், நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சுவர் முழுக்கத் தட்டு, தட்டு முழுக்கச் சிரிக்காத வாய்கள், எல்லாம் பிளாஸ்டர் மாவில் வார்த்தவை, ஒவ்வொன்றின் கீழும் சீட்டு. பல்லுக்காரர் பதறிப்போய் நாற்காலியிலிருந்த உப்புத்தாள்களை எடுத்தார், எதுக்குக்கா நீங்க ஏறி வரணும், நான் பின்னறைக்கு மாறிடலாம்னு இருக்கேன் என்றார், பின்னாலிருந்து அவர் மனைவி, பின்னறையில ஜன்னலே கிடையாது, இருட்டுல பல்லு செய்யப் போறாராம் என்றாள். ஜன்னலைத் திறங்கள் என்றேன். தயங்கித் துணியை அவிழ்த்தார். மகளே, நான் நம் வீட்டைத் தேடினேன், வீடே இல்லை. தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைத் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது, அதற்குக் கரை இல்லை, அதில் நம் வாசல், என் நாற்காலி, துணி உலர்த்தும் கயிறு எல்லாம் கரைந்து போயிருந்தது. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஒரு கணம் எனக்கு நான் உன் பஸ் நிறுத்தத்தில் நிற்பதாகத் தோன்றியது, இப்படித்தானே உனக்குத் தெரிகிறோம் என்று. பிறகு கண்ணை மூடினேன், மூடின கண்ணுக்குள்ளும் அது இருந்தது. திறந்து பல்லுக்காரர் முகத்தைப் பார்த்தால் அவர் முகம் இருந்த இடத்தில் பச்சையாக ஒரு வட்டம்.

மின்னியது தெருப் பக்கச் சரிவு. கிழக்கே பார்க்கிற, நாங்கள் தொடாத சரிவு. அப்பா நம்பவில்லை, வெயில் அந்தப் பக்கமிருந்து வருது, இந்தப் பக்கம் எப்படி மின்னும் என்றார். பல்லுக்காரர் வாய்க்குள் விட்டுப் பார்க்கிற அந்தச் சின்ன வட்டக் கண்ணாடியை எடுத்தார், ஜன்னல் ஓரத்தில் அந்த வெளிச்சத்திலேயே பிடித்தார், வெளிச்சம் எங்கேயிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் சாய்த்தார், வட்டம் உத்தரத்துக்குத் தாவியது. எதிர்ப்பக்கம் சாய்த்தார், வட்டம் வழுக்கி இறங்கி நேராக அப்பாவின் சட்டைப் பையில் வந்து உட்கார்ந்தது. மேற்குச் சரிவு வாங்குற வெயிலை மேலேயே விட்டெறிஞ்சுடும் அண்ணா, அது யாருக்கும் தொந்தரவில்ல, இந்தச் சரிவுதான் நமக்குக் கொண்டுவந்து கொடுக்குது என்றார். மேலேயே விட்டெறிஞ்சுடும் என்று அவர் சொன்னதும் அப்பா என்னைப் பார்த்தார். உனக்காகவே மின்னிக்கொண்டிருந்த சரிவைத்தான் நாங்கள் இரண்டு நாள் வேலை செய்து அணைத்திருக்கிறோம்.

எனக்கு அங்கேயே சொல்ல வந்துவிட்டது, பஸ் நிறுத்தம், வரைபடம், அரிசி மணி எல்லாம். சொல்லியிருக்கக் கூடாது. பல்லுக்காரர் கையிலிருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்ப இதையும் அடிச்சா அவளுக்கு ஒண்ணுமே தெரியாதே என்றார். அடிச்ச பக்கத்தைச் சுரண்டிட முடியாதா என்றார். மறுநாள் வந்த பெயின்டரிடம் அதையே கேட்டோம், அவர் எங்கள் நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பெயின்ட் அடிக்கச் சொல்றவங்களைப் பாத்திருக்கேன், அடிச்சதைச் சுரண்டச் சொல்றவங்களை இப்பத்தான் பாக்கறேன், சுரண்டினா கீறல்தான் மிஞ்சும், துரு பிடிச்சு மறுபடியும் ஏழு பாத்திரம் வைக்க வேண்டி வரும் என்றார். அதற்குப் பிறகும் பல்லுக்காரர், இருக்கிறது அப்படியே இருக்கட்டும்க்கா, நான் கறுப்புக் கண்ணாடி போட்டுப் பழகிக்கிறேன் என்று ஆரம்பித்தார். கறுப்புக் கண்ணாடி போட்டு வெள்ளைப் பல்லின் நிறம் பார்ப்பாராம். நான் பெயின்டரிடம் தெருப் பக்கத்துக்கு ஏணியைப் போடுங்கள் என்றேன். நான்தான் சொன்னேன். அப்பாவைக் குற்றம் சொல்லாதே, அவர் ஒரு தகடாவது விட்டு வைக்கலாமா, சமையல்கட்டு மேல இருக்கிற ஓரத் தகடு என்று கேட்டார். அந்த ஓரத் தகட்டின் வெளிச்சம் மூன்றே காலுக்கு எங்கே விழும் என்று முந்தின நாள் அங்கே போனபோது குறித்து வைத்திருந்தேன், அவர்கள் மாடிப்படியின் நாலாவது படியில், அந்தப் படியில்தான் அவர் மனைவி தண்ணீர்க்குடத்தோடு திரும்புவாள். வேண்டாம் என்றேன்.

நிறம் மட்டும் பல்லுக்காரர் தேர்ந்தெடுத்தார், அதில் யாரையும் பேச விடவில்லை. வெள்ளை வேண்டாம், அதுவும் கொஞ்சம் திருப்பி வீசும், கறுப்பு வேண்டாம், வீடு கொதிக்கும், அடித்த சாம்பலும் சரியில்லை, செத்த நிறம் என்றார். தன் மாதிரிப் பல் விசிறியை எடுத்துக்கொண்டு நம் வீட்டுக் கொல்லையில் பெயின்டர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, இன்னும் ஒரு துளி மஞ்சள், இல்ல அதிகமாயிடுச்சு, கொஞ்சம் பழுப்பு என்று கலக்க வைத்தார். பெயின்டர், ஏன் சார் கூரைக்கா அடிக்கறோம், இல்ல கடைவாய்ப் பல்லு கட்டறோமா என்று கேட்டுவிட்டார். ஒவ்வொரு கலவையையும் ஒரு துண்டுத் தகட்டில் பூசிக் காய வைத்து, மாடிக்கு ஓடி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு இறங்கி வந்தார், ஆறு தடவை, அவருக்கு வயது அறுபத்திரண்டு. கடைசியில் வந்த நிறத்துக்கு என்ன பெயர் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மழை நின்று அரை மணி நேரம் ஆன மண்சுவர் மாதிரி, அல்லது நீ விட்டுப் போன அந்தப் பழைய கம்பளியின் உள்பக்கம் மாதிரி. இரண்டு சரிவுக்கும் அதையே அடித்தோம். மூன்று மணிக்கு அதன் மேல் வெயில் வந்து விழுகிறது, விழுந்து அங்கேயே இருக்கிறது, எங்கேயும் போவதில்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் தூக்கம் வருகிறது. அந்தக் காகம் இப்போது தைரியமாக நடுவிலேயே உட்காருகிறது.

அடித்து முடித்த மறுநாள் இரண்டு முப்பத்தைந்துக்கு நாங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. மூன்று மணிக்குக் கறுப்புத் துணி அசைந்தது, ஜன்னல் ஒரு கதவு திறந்தது, அப்புறம் இன்னொன்று. அவர் வந்து நின்று இடுக்கியைத் தூக்கினார். எங்களைப் பார்க்கவில்லை, பல்லைத்தான் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். எனக்குப் பால் காய்ச்ச மனம் வரவில்லை, எழுந்தால் அது கலைந்துவிடும் போலிருந்தது. தலைமையாசிரியரின் முன்பல்லைத் திரும்பச் செய்து அனுப்பினார். போன வாரம் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி, எது புதுப் பல்லு என்று அவரே விரலை விட்டுத் தேடினாராம். பெரிய கூடத்துப் பேச்சை இப்போது யாரும் எடுப்பதில்லை. தலைமையாசிரியர் நம் தெரு வழியாகப் போகும்போது எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு போகிறார், ஐந்தாம் வகுப்பில் உன்னைப் பார்த்து ஒரு நாளாவது சிரித்திருப்பாரா, அதையெல்லாம் சேர்த்து இப்போது சிரிக்கிறார்.

இதுதான் நடந்தது. உன் கூரைதான், உன் தகடுதான், ஒழுகாமல் இருக்கிறது, மழைச் சத்தமும் அதே சத்தம்தான், கொஞ்சம் தடித்திருக்கிறது, அவ்வளவுதான். நீ வருத்தப்பட்டால் பட்டுக்கொள், என் மனசுக்காக, வருத்தமில்லை என்று சொல்ல வேண்டாம். நானும் பட்டேன். அங்கே நாலு மணிக்கே இருட்டிவிடும் என்றாயே, பஸ்ஸுக்கு நிற்கும்போது கையில் போனை வைத்துக்கொண்டு குனிந்தே நிற்காதே, கழுத்துக்குக் கெடுதல், வண்டியையும் விட்டுவிடுவாய். வீட்டில் வெளிச்சமான விளக்காகப் போட்டுக்கொள், சிக்கனம் பார்த்து மங்கலில் உட்கார்ந்து படிக்காதே. மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே. அப்பா தன் முழங்காலைப் பற்றி உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார், அதனால்தான் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன்.

படத்தை எப்போது மாற்றுவார்களோ தெரியாது, அது வரைக்கும் உனக்கு நம் வீடு பழையபடி மின்னிக்கொண்டுதான் இருக்கும், அணைந்த பிறகும் அங்கே தெரியும். மாற்றிவிட்டால் பதறாதே, வழி எழுதுகிறேன், இந்தக் காகிதத்தைப் பையில் வைத்துக்கொள். முதலில் கிடங்கைப் பிடி, நீளமாகத் தீப்பெட்டி மாதிரி இருக்கும், யாருக்கும் தவறாது. அதற்குக் கிழக்கே நம் தெரு, நூல் மாதிரி. தெருவுக்கு அந்தப் பக்கம் வட்டமாக ஒரு நீலப் புள்ளி தெரியும், அது பல்லுக்காரர் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, படத்தில் தெரிய வேண்டும் என்று போன ஞாயிற்றுக்கிழமை அதன் மூடிக்குப் புதிதாக நீலம் அடித்திருக்கிறார், நிறம் பார்க்க மூன்று தடவை ஏணி ஏறினார், நாங்கள் யாரும் கேட்கவில்லை. அந்த நீலத்திலிருந்து தெருவைத் தாண்டி மேற்கே ஒரு நகக்கண் தூரம் வா. மண் நிறத்தில் ஒன்றுமே இல்லாத மாதிரி ஓர் இடம் இருக்கும். அதுதான் நாங்கள்.

நீ எண்ணியதெல்லாம் கைகூடி, நோய்நொடி இல்லாமல், நாலு பேருக்கு நல்லவளாக நிறைய நாள் இருக்க வேண்டும். அப்பாவும் இதையே சொல்லச் சொன்னார், கூடவே எதிரே வண்டி வந்தா வெளிச்சத்தை இறக்கச் சொல்லு என்றார், உனக்கு வண்டியே இல்லை என்றேன், வாங்கறப்போ என்றார். கம்பளிக் காலுறை எத்தனை ஜோடி மிச்சம் இருக்கிறது என்று மறக்காமல் எழுது. மணி மூன்றாகப் போகிறது, அவர் கையைத் தூக்கினதும் நான் போய்ப் பால் வைக்க வேண்டும்.

இப்படிக்கு, உன்னைத் தினமும் ஒரு தடவையாவது மேலே பார்த்து நினைக்கும்
அம்மா